ஜீப்புக்குள்ளே ஒரு குட்டி வீடு!

"என்னம்மா, குவார்ட்டர்ஸைக் காலி பண்றீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வாசலில் ஜீப்பின் பின் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் மெத்தை, தண்ணீர் கேன், அடுப்பு, கொசுவலை, மண்பானை என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கடைசியாக என் மாமியாரும் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ம்... போவலாம்" என்றார்.

"காலி பண்ணலை அக்கா. குலதெய்வத்துக்குப் போறோம். வீட்டையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போறோம்!" என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது வேடிக்கைக்கு அல்ல, நிஜம்தான். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஆறு வருஷ ஏக்கம்

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தில். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. நான் பண்ருட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. மாமியாருக்கோ இதுதான் பூர்வீகம். அவர் வாழ வந்த கிராமம் இந்தச் சுரங்கத்துக்காக எடுத்த நிலங்களில் ஒன்று. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லையாம். மாமனாருக்கு வேலை கிடைத்தது. குடும்பம் நகரியத்துக்கு வந்தது. பங்காளிகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

அதில் ஒரு குடும்பம் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு வாங்கிக்கொண்டு போயிற்று. போகும்போது சும்மா போகவில்லை. ஊர் அய்யனார் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போய், புது இடத்தில் ஒரு மரத்தடியில் வைத்து, கல் நட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் குலதெய்வம் இருப்பது அங்கேதான்.

என் கல்யாணம் முடிந்து மறு வருஷம் எல்லோரும் போனோம். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு; முழங்கால் வலியும் உண்டு. வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று பயந்து, அன்று பூராவும் அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீடு திரும்பிய மறுநாள் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். ஒரு வாரம் படுத்த படுக்கை.

டாக்டர் அம்மா எங்களைத்தான் கோபித்துக்கொண்டார். சிறுநீரை அடக்குவதும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வர முக்கியமான காரணங்கள் என்றும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் முற்றும் என்றும் சொன்னார். யோசித்துப் பாருங்கள், நம்மில் எத்தனை பேர் பிரயாணம் என்றாலே தண்ணீரைத் தொடாமல் கிளம்புகிறோம்!

அதற்கப்புறம் ஆறு வருஷம் மாமியார் எங்கேயும் போகவில்லை. இதற்கிடையில் எங்களுக்குப் பையன் பிறந்தான். முதல் முடி குலதெய்வத்துக்குத்தான். ஒற்றைப்படை வயதில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வயதில் முடியவில்லை. மூன்றாவது வயது ஓடிக்கொண்டிருந்தது. முடி தோளைத் தொட்டுவிட்டது. கடைக்குப் போனால் "பொண்ணு பேரு என்ன?" என்று கேட்கிறார்கள்!

"நீங்க போய் மொட்டை போட்டுட்டு வாங்க. என்னால முடியாது" என்பார் மாமியார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்ஸியில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்தான். ஆனால் முதல் நாள் ராத்திரி அங்கே தங்கி, விடியற்காலையில் பொங்கல் வைப்பதுதான் முறை. அங்கே இருப்பதோ ஒரு கொட்டகை, மண் தரை. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவரை எங்கே படுக்க வைப்பது?

ஜீப் வந்தது

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு நாள், "ஒரு வண்டி விலைக்கு வருது. ஃபோர் வீல் டிரைவ்" என்று ஆரம்பித்தார். பழைய பொலேரோ. எங்கள் ஊரில் அதையும் ஜீப் என்றுதான் சொல்வோம்.

நெய்வேலிக்காரர்களுக்கு ஜீப் புதிதல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போடும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததே, அங்கே ஆரம்பித்தது இந்த ஊரின் கதை. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு வருஷமே மின்சாரம். சோவியத் உதவியோடு எழுந்த அந்த முதல் அனல் மின் நிலையம் தன் காலம் முடிந்து 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். ஆகவே சுரங்கத்துக்குள் சேற்றுக்குப் பஞ்சமே இல்லை. சாதாரண கார் அங்கே தாக்குப் பிடிக்குமா?

"ஃபோர் வீல்னா என்னங்க? எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தானே?" என்று கேட்டேன். பொதுவாக இந்த ஜீப்பில் என்ஜின் பின் சக்கரம் இரண்டை மட்டும்தான் சுற்றுமாம். கியருக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு லீவரைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல் என்றால் மட்டும் அதைப் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டால் வண்டிக்குக் கெடுதல். முந்திரிக்காட்டுச் செம்மண் பாதைக்கு இது தேவைப்படும் என்றார். அது எவ்வளவு நிஜம் என்பது பின்னால் தெரிந்தது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை போர்டு வண்டியா, மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வாடகை வண்டி என்றால் சொந்த உபயோகத்துக்கு மாற்றி எழுத ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனி வேலை இருக்கிறது. பதினைந்து வருஷம் ஆன வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஒரு துளைகூடப் போடவில்லை

நான் முதலில் நினைத்தது, கூரையை உயர்த்தி, ஸீட்டையெல்லாம் பிடுங்கிப்போட்டு, உள்ளே கட்டில் அடித்துவிடலாம் என்று. "சட்டம் விடாது" என்றார் அவர். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை நாம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மாற்றினால் அபராதம் மட்டுமல்ல. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல்.

அப்படியானால் வழி? கழற்றி மாட்டும் பெட்டி! நாம்தான் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1951-லேயே ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி வோக்ஸ்வேகன் வேனுக்காக இப்படி ஒரு பெட்டி செய்திருக்கிறது. வாரநாட்களில் வேனில் சரக்கு ஏற்றுவார்கள். விடுமுறை வந்தால் பெட்டியை உள்ளே வைத்து, குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். நம் அஞ்சறைப்பெட்டியைப் பெரிதாக்கி வண்டிக்குள் வைத்தது போலத்தான்.

எங்கள் பெட்டியை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். வீட்டில் எந்தப் பெரிய வண்டி இருந்தாலும் இந்த முறை உதவும்.

முதல் வேலை அளவு எடுப்பது. முன் ஸீட்டுகளை நன்றாக முன்னால் தள்ளி, நடு ஸீட்டை மடித்துவிட்டு அளந்தோம். முன் ஸீட்டின் முதுகிலிருந்து பின் கதவு வரை 6 அடிக்கு 2 அங்குலம் குறைவு. சக்கர வளைவுகளுக்கு நடுவே 3 அடி 4 அங்குலம். உங்கள் வண்டியில் இது மாறும். செய்தித்தாள்களை ஒட்டி, அந்த அளவுக்கு வெட்டி, வண்டிக்குள் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆசாரியிடம் போனோம். ரவிக்கைக்குப் பேப்பர் கட்டிங் போடுவது மாதிரி!

பின்னால் உள்ள சின்ன ஸீட்டுகளை மடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பெட்டிகள் வைத்தோம். தண்ணீர் பட்டால் உப்பாத ரகத்தில் 12 எம்.எம். பிளைவுட். அதற்கு மேல் கனம் போட்டால் வண்டிக்குப் பாரம், தூக்கி இறக்குவதற்கும் கஷ்டம். ஒரு பெட்டி சமையலுக்கு; பின் கதவைத் திறந்தால் மேஜை டிராயர் மாதிரி வெளியே இழுக்கலாம். இன்னொன்று துணிமணிக்கும் மருந்துக்கும். இரண்டையும் வண்டியில் ஏற்கெனவே இருந்த கொக்கிகளில் அகலப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினோம். ஒரு துளைகூடப் போடவில்லை.

பெட்டிகளின் மூடியில் கீல் வைத்து மடக்கிய பலகைகள். வண்டி நின்ற பிறகு நடு ஸீட்டை மடித்து, இந்தப் பலகைகளை முன்பக்கமாக விரித்து, கழற்றி மாட்டும் இரண்டு கால்களை முட்டுக் கொடுத்தால் கட்டில் தயார். பிரயாணத்தின்போது நடு ஸீட் பழையபடி ஸீட்தான். பெல்ட் போட்டு உட்காரலாம். ஓடும் வண்டியில் யாரையும் படுக்க வைப்பதில்லை என்பதில் என் வீட்டுக்காரர் கண்டிப்பு. மாமியாருக்கு முதுகு வலித்தால் ஓரமாக நிறுத்தி, பத்து நிமிஷம் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புவது.

மெத்தைக்கு இலவம்பஞ்சு வாங்கி, மூன்று துண்டாகத் தைத்தேன். ஒரே மெத்தையாக இருந்தால் மடக்கி வைக்க இடம் போதாது. மேலே கழற்றித் துவைக்கிற உறை. ஜன்னல்களுக்குப் பழைய கொசுவலையை அளவாக வெட்டி, ஓரத்தில் ஒட்டிப் பிரிக்கிற நாடா வைத்துத் தைத்தேன். உள்பக்கம் மறைவுக்கு என் பழைய நூல் புடவைதான் திரை. 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு ஒரு குழாய். சார்ஜ் போடுகிற சின்ன ஃபேன் ஒன்று, விளக்கு ஒன்று.

மாமியாருக்காக இரண்டு விஷயங்கள் தனியாகச் செய்தோம். ஏறி இறங்க ஒரு அகலமான மரப்படி. கையால் பிடித்துக்கொள்ள உறுதியான கயிறு. அடுத்தது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கமோடு நாற்காலி. மருந்துக் கருவிகள் விற்கிற கடையில் மடக்கும் நாற்காலியாகக் கிடைக்கிறது. வாளிக்குள் தேங்காய் நார்த் தூள் போட்டு வைத்து, உபயோகித்ததும் மேலே இன்னும் கொஞ்சம் தூவினால் நாற்றம் வருவதில்லை. சுற்றிலும் மறைக்க நாலு மூங்கில் கழி, ஒரு தார்ப்பாய். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே வண்டி வாங்கலாம் என்று நான் சொல்வேன்!

மரம், கூலி, மெத்தை, நாற்காலி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்தது. தேவையில்லாதபோது பெட்டிகளை இறக்கி வராண்டாவில் வைத்துவிடுவோம். இப்போது அதில் ஒன்றில்தான் மளிகைச் சாமான் இருக்கிறது.

வாசலிலேயே ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் குவார்ட்டர்ஸ் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தோம். நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். என்ன குறை என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்தவை மூன்று. கட்டிலில் மாமியாரும் பேரனும் படுத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஜன்னலை எல்லாம் சாத்தினால் புழுக்கம் தாங்காது. பையனுக்குத் தூளி இல்லாமல் தூக்கம் வராது! மூன்றாவதற்கு மாமியாரே வழி சொன்னார்: "வண்டி நின்னப்புறம் மரத்துல தூளியக் கட்டு. தூங்கினதும் தூக்கி எங்கிட்ட போடு."

ஆவணியில் ஒரு சனிக்கிழமை

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். விருத்தாசலம் வழியாக நேரே போனால் தூரம் குறைவு. ஆனால் ஆறு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் அல்லவா? "வள்ளலாரப் பாத்துட்டு, ஏரியப் பாத்துட்டுப் போவலாம்டா தம்பி" என்றார். சுற்றிப் போய்த் திரும்பினாலும் 150 கிலோமீட்டருக்குள்தான்.

வடலூரில் தருமசாலைக்குப் போனோம். 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியோடு வருகிறவர்களுக்கு அன்னம் போடுகிறார்கள். மாமியார் அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "நம்ம ஊருலேர்ந்து தைப்பூசத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு வருவோம். வண்டிக்கு அடியில வைக்கோல் கட்டிக்கிட்டு, உள்ள பானை சட்டி, புள்ளைங்க எல்லாம். இந்தத் திடல்லதான் அவுத்து விட்டுப் படுத்துக் கெடப்போம்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். "இதுவும் அதுதானே? மாடுதான் இல்ல!"

எனக்குச் சுரீர் என்றது. ஜெர்மனி வரைக்கும் போய் யோசித்தோமே, நம் பாட்டிமார்கள் எல்லோரும் வண்டியில் சமைத்து, வண்டியில் தூங்கித்தானே தேர் திருவிழாவுக்குப் போனார்கள்!

சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரை. பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்று வழியாக வந்து நிரம்புகிறது. 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிதண்ணீர் போவதும் இங்கிருந்துதான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்தக் கரையைச் சொல்லவே வேண்டாம். வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் காட்சியே இங்கேதான். எங்கள் வந்தியத்தேவன் ஜீப்பில் வந்து, மரத்தடியில் இறங்கி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை ஆறு சாப்பிட்டார். மாமியார் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, திறந்த பின் கதவு வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி கவலை தீர்ந்தது.

மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய நந்தியைப் பார்த்துப் பையன் "ஆயா, இந்த மாட்டை நம்ம வண்டியில கட்டலாமா?" என்றான். புல்வெளியில் ஓடவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் ரோட்டைப் பிடித்தோம்.

அந்த ராத்திரி

முந்திரிக்காட்டுக்குள் போய்ச் சேரும்போது அந்தி சாய்ந்துவிட்டது. பங்காளி வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் பேசவில்லை, அழுதார்கள். ஆறு வருஷம்!

கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். தார்ப்பாய் மறைப்பு கட்டினோம். பின் கதவருகே வெளியில் அடுப்பை வைத்து ரவா உப்புமா கிளறினேன். மாமியாரும் பேரனும் உள்ளே. எங்களுக்கு வெளியே இரவல் கயிற்றுக் கட்டில்.

பத்து மணி இருக்கும். இடி இடித்துக்கொண்டு மழை கொட்ட ஆரம்பித்தது. கொட்டகை நாலு பக்கமும் ஒழுகிற்று. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலை விட்டுவிட்டு வண்டிக்குள் புகுந்தோம். நாலு பேர் படுக்க ஏது இடம்? மாமியாரும் நானும் சாய்ந்து உட்கார, பையன் எங்கள் மடியில் குறுக்கே. அவர் முன் ஸீட்டில். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்திருந்தோம். கூரையில் மழைச் சத்தம்.

மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். ஊரை விட்டு வந்த கதையை அவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. எந்தப் பக்கம் கோயில், எந்தப் பக்கம் குளம், யார் வீட்டு வாசலில் எந்த மரம் என்று வரிசையாகச் சொன்னார். "வீட்ட இடிக்கறதுக்கு முந்தின நாளு வாசத் தெளிச்சுக் கோலம் போட்டேன்டி. எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியல. கரண்டு வேணும்னா பள்ளம் தோண்டித்தானே ஆவணும். யாரையும் குத்தம் சொல்லல. ஆனா அந்தக் கோலம் மட்டும் கண்ணுலயே நிக்குது."

முன் ஸீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் அது புதுக் கதைதான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியாரே சொன்னார்: "ஊரு பள்ளத்துல போச்சு. குவார்ட்டர்ஸு, வேலை இருக்கற வரைக்கும். இந்த ஆறடிதான்டி இப்ப நம்ம சொந்த வீடு. ஒழுவல பாத்தியா?"

நகரியத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். முப்பது வருஷம் தோட்டம் போட்டு, மாமரம் வைத்து வளர்த்திருப்போம். ரிட்டையர் ஆன பின் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மொட்டையும் சேறும்

விடியும்போது மழை விட்டிருந்தது. செம்மண்ணில் பொங்கல் பானை வைத்தோம். மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட வேண்டுமே; என் தம்பி ஜெயங்கொண்டம் வரை பஸ்ஸில் வந்து காலையிலேயே சேர்ந்துவிட்டான். பையன் ஊரைக் கூட்டி அழுதான். மாமியார் தன் மரப்படியைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல் முடிக்கற்றையைத் தன் முந்தானையில் வாங்கினார். அதற்காகத்தானே இத்தனையும்!

கிளம்பும்போதுதான் சோதனை. வண்டி நகரவில்லை. பின் சக்கரம் வழுக்கிச் சுற்றிச் சேற்றைப் பீய்ச்சி அடித்தது. லீவரைப் போட்டு நாலு சக்கரத்தையும் இழுக்க வைத்தும் ஒரு முழம்தான் நகர்ந்தது. உள்ளே இருந்து மாமியார் சத்தம் போட்டார்: "ஏன்டா, சக்கரத்துக்கு முன்னாடி தழையப் போடுடா! மாட்டு வண்டிக்கு அப்படித்தானே போடுவோம்?" முந்திரிச் சருகும் ஒடித்த கிளையும் நாலு சக்கரத்துக்கும் முன்னால் திணித்தோம். எல்லோரும் வண்டியை விட்டுத் தள்ளி நின்றோம். அவர் வேகம் கொடுக்காமல் மெதுவாக எடுத்தார். ஒரு உறுமல், ஒரு குலுங்கல்; வண்டி கெட்டித் தரைக்கு வந்துவிட்டது. "ஃபோர் வீல் எல்லாம் சரிதான். ஆயா வீல் இல்லாம நடக்காது!" என்றான் தம்பி.

நீங்களும் கிளம்பினால்...

* வண்டிக்குள் சமைக்கவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு லெகோ கரி அடுப்பு மூட்டாதே என்று எங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்தே சொல்வார்கள். வாசனை இல்லாத விஷவாயு, கார்பன் மோனாக்ஸைடு, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே ஒரு கேரவனுக்குள் தூங்கிய இருவர், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இந்த வாயுவால்தான் இறந்து போனார்கள். என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குவதும் ஆபத்தே.

* சின்ன சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். சமைத்ததும் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள்.

* இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை வண்டி டாஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் வீரியம் போய்விடும். மண்பானைக்குள் ஈரத் துணி சுற்றிய டப்பாவில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். எத்தனை நாள் வைக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஐந்து நிமிஷம்தானே என்று குழந்தையை மூடிய வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் உள்ளே சூடு மளமளவென்று ஏறிவிடும். வண்டி ஓடும்போது குழந்தை மடியில் வேண்டாம். அதற்கென்று உள்ள இருக்கையில் பெல்ட்டோடு இருக்கட்டும்.

* ராத்திரி தங்க ஆள் நடமாட்டமில்லாத இடத்தைத் தேடாதீர்கள். உறவினர் களம், தெரிந்த கோயில் வளாகம், சொல்லிவிட்டு நிறுத்தக்கூடிய பெட்ரோல் பங்க் இவைதான் பத்திரம். இறங்கும்போது டார்ச்சும் செருப்பும் அவசியம். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

* தண்ணீர் குடியுங்கள். ஒதுங்க இடம் நம் கையோடு இருக்கிறது என்ற தைரியமே பாதி வைத்தியம்.

திரும்பி வந்து ஒரு வாரம் ஆயிற்று. மாமியாருக்கு ஜுரம் இல்லை, கடுப்பு இல்லை. பெட்டிகளை இறக்கிச் சுத்தம் செய்தபோது மருந்து டிராயரின் மூலையில் மஞ்சள் துணியில் ஏதோ முடிச்சு இருந்தது. அவிழ்க்கப் போனேன்.

"அதப் பிரிக்காதடி" என்றார் மாமியார். "அய்யனார் மண்ணு. வண்டியிலயே இருக்கட்டும். தை பொறந்ததும் திரும்பப் போவணும் இல்ல?"

முடிச்சை அப்படியே வைத்து டிராயரை மூடிவிட்டேன்.